எழுந்திருக்கச் சொல்லாத இடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ரேஷன் கடையில் வரிசை தாண்டுகிறவர்களோடும் சண்டை போடுவேன், சர்ச் பங்குக் கூட்டத்தில் ஃபாதரோடும் போடுவேன். ஒரே ஒரு நாள் அந்த வாய் அடைத்துப்போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் எங்கள் பங்கிலிருந்து ஆறு பேர் ஞாயிறு பூசை முடிந்ததும் சாம்பார் சாதப் பொட்டலங்களோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். வீடில்லாமல் அங்கேயே கிடக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் நான் நிலைவாழ்வைப் பற்றிப் பேசுவேன். சத்தமாகப் பேசுவேன் என்பதால் என்னைப் போட்டிருந்தார்கள். விண்ணகத்தில் தந்தையின் வீட்டில் எல்லாருக்கும் இடம் உண்டு என்பேன். யார் கேட்டார்கள்? பசிக்கிறவர்களுக்குச் சோறுதான் பெரிது, அதில் தப்பும் இல்லை.

ஒரு பெரியவர் மட்டும் கேட்டார். மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர், காடு தோட்டம் வைத்துப் பிழைத்தவர். ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்றால், அது கிடக்கட்டும் என்று இருமலோடு முடித்துவிடுவார். ஒரு ஞாயிறு பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்முணி, அந்த ஊட்டுல படுத்திருந்தா, யாரும் வந்து எந்திரின்னு சொல்ல மாட்டாங்களா?"

பிறகுதான் தன் பாட்டைச் சொன்னார். விடிவதற்குள் பெருக்குகிறவர் எழுப்புவார், அடுத்து கடை திறக்கிறவர் தண்ணீர் தெளித்து எழுப்புவார், மத்தியானம் போலீஸ்காரர் லத்தியால் தட்டுவார். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கி வருஷக்கணக்காகிவிட்டதாம்.

"மாட்டாங்கய்யா. சத்தியமா மாட்டாங்க," என்றேன்.

மறு வாரம் பையோடு எங்கள் கோயிலுக்கே வந்துவிட்டார். மாதா சிலை நிற்கிற கல் கெபிக்குப் பின்னால் நிழல் விழுகிற சிமெண்டுத் தரையில் போர்வையை விரித்தார். விரட்ட வந்த வாட்ச்மேனை நான் ஒரு பிடி பிடித்தேன். அதற்குப் பிறகு அவரை யாரும் தொடவில்லை. பூசை மணி அடித்தாலும் தூங்கினார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் இருமல் கூடிக்கொண்டே போனது, காலும் வீங்கியது. திருவிழா முடியட்டும், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

கொடியேற்றத்துக்கு ஆயர், பிஷப்தான், வருவதாக இருந்தது. கெபிக்கு மாலை போட வருவார், வாடை அடிக்கிறது, நீங்கள் கொண்டுவந்த ஆளை நீங்களே அனுப்பிவிடுங்கள் என்றார் அன்று காலை திருவிழாக் கமிட்டிக்காரர். வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு நான் பட்டுப்புடவையில் இருந்தேன். ஆயருக்கு முன்னால் பைபிள் வாசகம் வாசிக்க என்னைத்தான் போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் கெபிக்குப் பின்னால் போனேன்.

நல்ல தூக்கத்தில் இருந்தார். தோளைத் தொட்டேன்.

"ஐயா, எந்திரிங்க."

இரண்டு நாள்தான், அப்புறம் வந்துவிடுங்கள் என்றேன். அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, போர்வையை ஓரம் பார்த்து ஒழுங்காக மடித்தார்.

"செரிங்க அம்முணி, வாரேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கேட் வரைக்கும்கூட நான் கூடப் போகவில்லை. வாசகம் அருமை என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தேடினேன். பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், பாலத்தடி, ஒன்று விடவில்லை. பெரியாஸ்பத்திரியில் பேர் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை! இத்தனை மாதம் அவருக்கு மீட்பைச் சொன்னேன், பேரைக் கேட்கவில்லை. ஐயா, ஐயா என்றே ஓட்டிவிட்டேன். வீங்கிய கால், இருமல், நீலக் கட்டம் போட்ட போர்வை என்றேன். அப்படித் தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பஸ் ஏறிப்போய் டீக்கடை டீக்கடையாகக் கேட்டேன். பேரில்லாமல் யாரைச் சொல்வார்கள்?

புதுச்சத்திரத்தில் ரோட்டோர நிழற்குடையில் ஒரு கிழவர் கிடப்பதாக யாரோ சொல்ல, அடித்துப்பிடித்து ஓடினேன். முகம் மூடிப் படுத்திருந்தார். பார்க்க வேண்டுமே என்று அவரையும் தட்டி எழுப்பினேன். வேறு யாரோ. பயந்துபோய்ப் பையைத் தேடினார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பொட்டலம் மட்டும் கொடுக்கிறேன். பேச்சை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். கெபி முன்னால் நின்றால் எனக்கு வருகிற செபம் ஒன்றுதான். ஆண்டவரே, அவர் உம்முடைய வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தால் தூங்கட்டும். என்னை அந்தப் பக்கம் விடாதேயும். என் சத்தம் கேட்டால், எழுந்து உட்கார்ந்து போர்வையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.