தலைக்கு மேல் ஒரு கிளாஸ் தண்ணீர்

காலேஜ் அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கொழும்பில் படித்துக்கொண்டிருந்தவர், விடுமுறைக்குப் பூண்டுலோயா கடைத்தெருவில் இருந்த மாமா வீட்டுக்கு வருவார். ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம் மாலையில் காலியானதும், அங்கே எங்களுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுப்பார்.

காற்றின் அழுத்தத்தைப் பற்றி அவர் விளக்கிய அன்று, என்னைக் கூட்டிப்போக அப்பா வந்து நின்றார்.

"பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க தம்பி?"

"கொஞ்சம் உக்காருங்கண்ணே" என்றவர், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தால் மூடினார். அதை அப்பாவின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, காகிதத்தைத் தாங்கிய கையை எடுத்துவிட்டார். அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரு சொட்டும் விழவில்லை.

"ஏன் விழலைன்னு ஒங்க மகளையே கேளுங்க."

"கீழேயிருந்து காத்து தாங்குதுப்பா" என்றேன்.

அப்பா அண்ணாந்து கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மறுநாள் அவரும் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

"அந்தக் கிளாஸ் சோதனைய அதுக்கு முந்தி நெறைய தடவ செஞ்சிருக்கீங்களாண்ணே?" என்று பிறகு கேட்டேன்.

"இல்லம்மா, புத்தகத்துல படிச்சதுதான். செஞ்சு பாத்தது அன்னைக்கித்தான்."

படித்ததை அவ்வளவு நம்பிய இன்னொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை.