வண்டிக்காரர் சொன்ன ‘ஸ்டாப்’

யுத்த காலத்தில் மதுரைப் பக்கத்து விமானத் தளத்தில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது வாலருகே நின்று, உரிய நேரத்தில் ‘ஸ்டாப்’ என்று உரக்கக் கத்த வேண்டும். அத்தகைய ஆங்கிலச் சொற்களைக் கற்க, நான் பி.ஏ. படித்தவன் என்று கேள்விப்பட்டு, நரிக்குடி வண்டிக்காரர் ஒருவர் திருச்சுழிக்குத் தேடி வந்தார். மழை பொய்த்து மாடுகளை விற்றுவிட்ட அவருக்கு அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை.

நெடிய உருவம், காதில் கடுக்கன், கண்மாயின் மறுகரைக்கும் எட்டும் குரல். ஆனால் மதிப்புக்குரியவரைக் கண்டுவிட்டால் தோள்துண்டு கக்கத்துக்கு வந்துவிடும். குரலும் தொண்டைக்குள் போய்விடும்.

சொற்களை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். பயிற்சிக்காக நானே விமானமாகி, அவரை நம்பிப் பின்னோக்கி நடந்தேன். குப்பைக்குழிக்குள் விழுந்து நிமிர்ந்து பார்த்தால், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

“ஏன்யா கத்தல?”

“சொன்னேனே அய்யா, மெதுவா. படிச்சவுகளப் போயி நாலு பேரு பாக்க அதட்டுறதா?”

“அங்க வெள்ளைக்காரத் தொரைகிட்டயும் இப்படி நின்னீருன்னா வேலை கிடைக்காது” என்று எச்சரித்து அனுப்பினேன்.

மறுவாரம் வந்தார். வேலை கிடைத்துவிட்டதாம். துரையே லாரியைப் பின்னுக்கு ஓட்டிச் சோதித்தாராம். இவர் போட்ட சத்தத்தில் தளமே நின்றுவிட்டதாம்.

“தொரைய மட்டும் எப்படிய்யா அதட்டுனீரு?”

“மரியாதை பாக்கிறதுக்கு அவுக என்ன நம்ம ஊருக்காரவுகளா, அய்யா?”

அதை எனக்குக் கிடைத்த கௌரவமாகவே ஏற்றுக்கொண்டேன். ஆயினும், என்மீது அத்தனை மரியாதை உள்ள எவரையும் நம்பி, அதன்பின் நான் பின்னோக்கி நடந்ததில்லை.