கால்வாய்க் கரையில் சந்தேகத்தோடு ஒரு வருஷம்

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் முன்பின் தெரியாத தமிழர் யாராவது நம்மைப் பார்த்துச் சிரித்தால், பதிலுக்குச் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாலில் வருவார்கள். "நீங்க தமிழா? எந்த ஊர்?" என்பார்கள். போன் நம்பர் வாங்குவார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் டின்னர். சாப்பிட்டுக் கை கழுவியதும் சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பலகை வெளியே வரும். அதில் ஒரு வட்டம் போட்டு, "இது நீங்க" என்பார்கள். அதற்குக் கீழே இன்னும் நிறைய வட்டங்கள். சோப்பும் வைட்டமினும் விற்க ஆள் பிடிக்கும் வேலை. மான்மவுத் ஜங்ஷனுக்குக் குடிவந்த புதிதில் இரண்டு முறை மாட்டிக்கொண்டோம். அதற்கப்புறம் என் கணவர் எனக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தார். "'எங்களுக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்லை'ன்னு சிரிச்சிட்டே சொல்லு. சொல்லிட்டு நகர்ந்துடு."

அதனால்தான் இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்து டாக்டர் ஆன்டி ஒருவர் பேச வந்ததும் நான் உஷாரானேன்.

"சனிக்கிழமையிலை நாங்கள் கொஞ்சப் பேர் கால்வாய்க் கரையிலை நடக்கிறனாங்கள். மரம், குருவி எல்லாம் பாக்கலாம். நீங்களும் வாங்கோவன்."

வசனம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்கு வேலை செய்ய விசா இல்லை, கார் ஓட்டத் தெரியாது, பகல் முழுக்க அபார்ட்மென்ட்டில் பேச ஒரு ஜீவன் இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் என் கணவர் குதித்தார். "நடக்கறதுக்கு யாராவது ஆள் கூப்பிடுவாங்களா? இதுல என்னமோ இருக்கு. நானும் வரேன்."

இருவரும் வேவு பார்க்கத்தான் போனோம். நான்கைந்து குடும்பங்கள். வசந்தத்தின் சேறு, தண்ணீரோரக் கட்டையில் வரிசையாக வெயில் காயும் ஆமைகள். ஆன்டி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பெயர் சொன்னார். நான் மரத்தைப் பார்க்கவில்லை, அவர் கைப்பையைப் பார்த்தேன். கோடையில், "உண்ணி கடிக்கும், காற்சட்டையைச் சொக்ஸுக்குள்ளை விடுங்கோ" என்று ஒரு ஸ்ப்ரேயை நீட்டினார். ஆஹா, வந்துவிட்டது சரக்கு என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். மருந்துக்கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அந்தக் கோடையிலேயே மூன்று இலை விஷச்செடியில் கை வைத்து முழங்கை வரை கொப்புளம் போட்டுக்கொண்டேன். ஆன்டி களிம்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் பாத்ரூம் போன நேரத்தில் பையை எட்டிப் பார்த்தேன். துண்டுப் பிரசுரம் எதுவும் இல்லை. ஒரு டப்பாவில் எனக்காகத் தேங்காய்ப்பால் சொதி இருந்தது. அதைச் சாப்பிடும்போது அழுகை வந்தது. அன்றோடு ஆன்டியைச் சந்தேகப்படுவதை விட்டேன். நடையில் அவர் பக்கத்து இடம் என் இடம் ஆனது. குருவிகளின் பெயர்கூட நாலைந்து தெரிந்துவிட்டது.

இலையெல்லாம் சிவந்த சமயத்தில் என் கணவரும் மாறினார். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியில் வருபவர், இப்போது முன்னால் போய் எல்லோருடனும் சிரித்துச் சிரித்துப் பேசினார். அங்கிள்களின் போன் நம்பர் கேட்டார். காரில் பாட்டு கேசட் போய், யாரோ ஒரு அமெரிக்கன் "உன்னால் முடியும்" என்று கத்தும் கேசட் வந்தது. ஆபீஸ் நண்பர் கொடுத்தாராம். மனுஷன் ஒருவழியாகக் கலகலப்பாகிவிட்டாரே என்று நான் மகிழ்ந்துபோனேன்.

கால்வாய் உறைந்த பிறகு ஒரு சனிக்கிழமை, பிளாஸ்க் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் எல்லோரையும் பொங்கல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். நான் இரண்டு நாள் சமைத்தேன். ஆன்டி வட்டிலப்பம் என்று அவர்கள் ஊர் இனிப்பு கொண்டுவந்தார். வீடு நிறைய ஆட்கள், கதவருகே குவியலாக ஸ்னோ பூட்ஸ். அமெரிக்கா வந்து அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

எல்லோரும் கை கழுவி உட்கார்ந்தார்கள். என் கணவர் சோபாவுக்குப் பின்னால் குனிந்தார்.

வெள்ளைப் பலகையைப் பார்த்ததும் ஆன்டியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நினைத்திருப்பார். தெரியாது என்று கத்த வேண்டும்போல இருந்தது. "இது நீங்க" என்று என் கணவர் முதல் வட்டத்தைப் போட்டார். எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பார்க்கிங் லாட்டில் எங்கள் கார் மட்டும்தான் நின்றது. "பனியினால வரலை போல" என்றார் அவர். அதற்கடுத்த சனிக்கிழமை பனியே இல்லை.

அன்று அவரோடு போட்ட சண்டையில் பலகை குப்பைக்குப் போனது. ஆன்டிக்குப் போன் செய்தால் ஆன்சரிங் மெஷின்தான் பேசியது. கால்வாயை விட்டு வேறு பார்க்குக்கு மாறிவிட்டார்கள் என்று யார் மூலமோ கேள்விப்பட்டேன்.

மறுபடி ஆமைகள் கட்டையில் ஏறும் காலம் வந்தபோது, அதே இந்தியக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஆன்டியைப் பார்த்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். "ஆன்டி, உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "இல்லைப் பிள்ளை, எங்களுக்கு அதிலை விருப்பம் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இப்போது எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்றுதான் கேட்க வந்தேன்.