கெட்டி ஃபோமை மேல போட்டேன்

பெரம்பலூர் கடையில அளவு சொல்லி வெட்டி வாங்கி, நானே அடுக்கி உறை தைச்ச மெத்தை. அடியில தேங்காய் நார், நடுவுல கெட்டி ஃபோம், மேல மெத்துன்னு லேடெக்ஸ்.

அதுல படுத்த நாள்லேர்ந்து எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி கூடிப்போச்சு. அரியலூர் ரூட்ல பஸ் ஓட்டுறவர், ஒரு வாரமா லீவு.

"உன் மெத்தைதான் என்னை முடக்கிருச்சு"ன்னு இன்னிக்குக் காலையில கத்திட்டார்.

எனக்கு அழுகையே வந்துருச்சு. உறையைப் பிரிச்சு, லேடெக்ஸை நடுவுல தள்ளி, கெட்டி ஃபோமை மேல போட்டேன்.

"ஒரு தடவை படுத்துப் பாருங்க. வலிச்சா நானே தூக்கி வெளிய போட்டுடுறேன்."

முறைச்சுக்கிட்டே படுத்தவர் ஒரு மணி நேரம் தூங்கிட்டார். எழுந்திரிக்கும்போது, இந்த ஒரு வாரமா தூக்கிவிடுற மாதிரியே கை நீட்டினேன். அவர் என் கையைப் பிடிக்கல. கட்டில்ல கையை ஊனி மெதுவா எழுந்தார். விழுந்துருவாரோன்னு பக்கத்துலயே நின்னேன்.

நேரா நின்னுட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா டூட்டிக்குப் போயிடலாம்"ன்னார்.

எனக்கோ மெத்துன்னு இருந்தாத்தான் தூக்கம் வரும். ஒரே மெத்தையில ரெண்டு பேர் படுக்கிற வீட்லல்லாம் என்னங்க பண்றீங்க?