சொல்ல வேண்டியவன் நான்

வின்ட்சர் ரோட்டில் போர்மன் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். மழை. வைப்பர் கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றது. முன் சீட்டில் என் மனைவி, மடியில் வாந்தி எடுக்கிற பை. பின் சீட்டில் நான்.

ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, நார்த்மீட்டுக்குக் கிட்ட ஒரு தளபாடத் தொழிற்சாலையில் பதினொரு வருடம், மேற்பார்வை பார்க்கிற அவருக்குக் கீழே பலகை அறுத்தேன். வெள்ளைக்காரர். குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவு. அவர்களுக்குச் சாமியாரும் இல்லை, பூசையும் இல்லை. ஞாயிறு காலையில் வட்டமாகக் கதிரை போட்டுப் பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது மனதில் ஏதும் வந்தால் எழும்பிச் சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருப்பார். கோர்ட்டிலும் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டார்களாம். செய்தால் மற்ற நேரம் பொய் சொல்கிறவன் என்று ஆகிவிடுமாம். என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்தார் ஒருவர் முதல் நாளே சொன்னார்: "அண்ணை, நீங்கள் செய்த கதிரை வடிவோ எண்டு அந்தாளிட்டைக் கேட்டுப் போடாதேங்கோ. உள்ளதைச் சொல்லிப்போடும்." உண்மைதான். ஆனால் போர்மன் ஏச மாட்டார். பலகையைத் தடவிப் பார்ப்பார். பிறகு, "கால் ஆடுது. நான் உனக்கு வடிவாக் காட்டித் தரேல்லை" என்பார்.

மனைவிக்கு வந்த வருத்தம் என்ன நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது மொழிபெயர்க்க ஆள் பிடிக்கட்டா என்று கேட்டார்கள். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். டொக்டர் சொன்னது கேன்சர். நான் அவளுக்குச் சொன்னது குடலில் புண். எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். தெரிந்தால் ஆள் உடைந்துபோகும் என்று நினைப்பு. அந்தக் கிழமையே, மன்னாருக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கேட்டாள். சுகமாகட்டும், போகலாம் என்றேன்.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. மருந்து ஏற்றுகிற நாட்களில் போர்மன்தான் கூட்டிக்கொண்டு போவார். அவளுக்குத் தெரியுமா என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரை எடுத்தார். அது எனக்கு ஏச்சைவிடப் பாரமாக இருந்தது.

அன்றைக்கு மருந்து ஏற்றுகிற இடத்தில் பக்கத்துக் கதிரையில் ஒரு தமிழ் அன்ரி. தன் வருத்தத்தின் பெயரை இவளுக்குச் சொல்லியிருக்கிறா. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. திரும்பி வரும்போது மனைவி என்னைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டாள். தனக்குத் தெரிந்த இங்கிலிசில்.

"யூ நோ லை. மீ கேன்சர்?"

அப்போதுதான் காரை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். மெதுவாக, அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்: "நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டியவர் உன் கணவர்." கதவைத் திறந்து இறங்கிப் போய் மழையில் நின்றார். குடை இல்லை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சொன்னேன்.

அவள் அழவில்லை. "முதலே சொல்லியிருந்தா, நடக்கக்கூடிய நேரத்தில அக்காவை ஒருக்காப் பார்த்திட்டு வந்திருப்பன்" என்றாள். ஐந்து கிழமையில் செத்துப்போனாள். கன நாள் எனக்குப் போர்மன் மேல் கோபம் இருந்தது. என் மேல் வர வேண்டிய கோபம் அது.

போன மாதம் போர்மனும் போனார். அவர்களுடைய முறைப்படிதான் எல்லாம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. வட்டமாக இருந்தோம். இடைக்கிடை ஒருவர் எழும்பி இரண்டு வசனம் சொல்லிவிட்டு இருந்தார். எனக்கும் கால் தானாக எழும்பியது. இங்கிலிஸ் வரவில்லை. தமிழில் சொன்னேன்: "இவர் என்ரை மனுசிக்குப் பொய் சொல்லேல்லை. நான்தான் பொய் சொன்னனான்." திரும்பக் கதிரையில் இருந்தேன். ஒருவரும் என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை.

விளங்காத ஆட்களிடம் உண்மை சொல்வது லேசு. மன்னாரில் அவளுடைய அக்கா இருக்கிறா. ஞாயிறுகளில் போன் எடுப்பா. தங்கச்சியை ஏன் ஒருக்கா அனுப்பேல்லை என்று இன்னும் கேட்பா. டொக்டர்மார் விடேல்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.