நான்கு விரல் ஆழம்

இத்தாலியில் நாங்கள் இருக்கும் ஊரில் உள்ள அந்தப் பழைய மாடிவீடு, என் மனைவி வீட்டுவேலை செய்யும் அம்மாவுடையது; சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மனைவி சொல்லித்தான் அங்கே திருத்த வேலை எனக்குக் கிடைத்தது. படுக்கையறையின் தரைப்பலகைகளைக் கழற்றி, அவற்றைத் தாங்கும் மரத் தீராந்திகளுக்குக் குறுக்கே வெந்நீர்க் குழாய் போட வேண்டும். குழாய் படுப்பதற்கு ஒவ்வொரு தீராந்தியிலும் ஒரு பள்ளம். வேலையை நடத்திய மாஸ்த்ரோ தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: சுவருக்குக் கிட்ட, மேல்விளிம்பில், ஒரு விரல் ஆழம். அதற்கு மேல் போனால் மரம் பாரம் தாங்காது.

கடைசித் தீராந்தியில் குழாய் இடக்குப் பண்ணியது. அதைச் சுற்றியிருந்த உறை தடிப்பு. பலகை மூடாமல் துள்ளிக்கொண்டு நின்றது. பொறுமை எனக்குக் கிட்டவும் வராது. உளியை வைத்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தட்டினேன். பலகை அமர்ந்த பிறகுதான் பலகையையும் குழாயையும் தூக்கி, விரல்களைக் கிடையாக வைத்து அளந்து பார்த்தேன். நான்கு விரல் போனது. மரத்தில் கிட்டத்தட்டப் பாதி இல்லை.

மாஸ்த்ரோ படியில் நின்றபடி, ஒரு விரலுக்கு மேல் வெட்டினாயா என்று கேட்டார். நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அது தமிழர் எங்களுடைய 'ஓம்'. பயத்தில் தானாக வந்தது. இத்தாலியருக்கோ அது 'இல்லை'. நல்லது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். இந்த ஊரில் ஆறு வருடம் இருந்தவன் நான். அவர் எப்படி விளங்கிக்கொண்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிட்டுத் திருத்தவில்லை. வேலை போனால், இங்கே தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிப்பதும் போச்சு என்ற பயம். உண்மையைத்தானே சொன்னேன் என்று என்னை நானே பேய்க்காட்டிக்கொண்டு பலகைக்கு ஆணி அடித்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மனைவி கறியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு அந்த அறையைத் துடைக்கப் போறன். பெரிய அலுமாரியும் அந்தச் சுவரோடைதான் வைக்கினமாம். நீங்கள் போட்ட தரை, பயமில்லைத்தானே?"

தலையை ஆட்டினேன். அவள் நிம்மதியாகச் சோற்றைப் போட்டாள்.

அதே ஆட்டல்தான். மாஸ்த்ரோவுக்கு அது 'இல்லை', இவளுக்கு 'ஓம்'. இரண்டு பேரும் என்னை நம்பிவிட்டார்கள். சிஞ்ஞோரா அந்த அறையில்தான் படுப்பார் என்று தெரிந்தும் மூன்று நாள் வாய் திறக்காதவன், மனைவியின் கால் அங்கே படும் என்றதும் எழும்பினேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கையைக் கழுவிவிட்டு மாஸ்த்ரோவுக்குப் போன் எடுத்தேன். அன்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் 'சீ', அதாவது ஓம், நான்கு விரல் வெட்டிவிட்டேன், அந்த அறைக்குள் ஒருவரையும் விடாதீர்கள் என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். மனைவிக்கு என்னைவிட நன்றாக இத்தாலியன் தெரியும். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்னட்டை ஏன் ஓம் எண்டனீங்கள்?"

தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.