கைவிட வேண்டிய கிடங்கு

நானும் என் நண்பனும் ஒரே நாளில் தீயணைப்புத் துறையில் சேர்ந்தவர்கள். அவனுடைய வலது கால் ஒரு பருத்திக் கிடங்கில் நசுங்கியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் அந்தக் கிடங்கு இருந்தது. சாலையைப் பார்த்து ஒரு கொட்டகை, அதன் முதுகில் இன்னொன்று. அதற்கும் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள் குடியிருந்த பதினான்கு ஓலை வீடுகள். ஒரு நாள் நண்பகலில் பின் கொட்டகை பற்றிக்கொண்டது. நண்பன் குழாயோடு உள்ளே போனான். வண்டியில் கொண்டுபோன தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்தது. அடுத்த தண்ணீர் எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. குழாய் ஓய்ந்ததும் அவன் பின்கதவு வழியாக வெளியேறப் பார்த்தான். கதவை அடைத்துப் பருத்திக் கட்டுகளை உத்தரம் வரை அடுக்கியிருந்தார்கள். அடுக்கு சரிந்து அவன் மேல் விழுந்தது.

முந்நூறு அடி தள்ளி, கரும்புக்கு நடுவில், கிடங்கு முதலாளிக்கே சொந்தமான கிணறு ஒன்று இருந்ததை மறுநாள்தான் கண்டோம். தண்ணீர் எங்கே என்று நாங்கள் கத்தியபோது அவர் சாலையில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்.

விசாரணையில் அவர் சொன்னார்: "காலி வண்டிய எடுத்துக்கினு வந்தாங்க சார். நான் இன்னா பண்றது?"

அன்று தண்ணீருக்குப் பொறுப்பு நான். எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. வெளியே வரும்போது அவர் என் தோளில் கை வைத்து, "மனசுல வச்சிக்காதீங்க" என்றார். வைத்துக்கொண்டேன்.

ஆபத்தான இடங்களுக்கு முன்கூட்டியே வரைபடம் போட்டு வைப்பது எங்கள் துறையில் வழக்கம். வாசல் எது, தண்ணீர் எங்கே, எதை முதலில் காப்பாற்றுவது என்று அதில் இருக்கும். பெரும்பாலும் போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கிக் கட்டிவைப்போம். இந்தக் கிடங்குக்கு மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. வார விடுப்பு நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றிலிருந்து கொட்டகைக்கு எத்தனை குழாய் வேண்டும் என்று வரப்பில் நடந்து அளந்தேன். வீடு வீடாகப் போய், எழுந்து நடக்க முடியாதவர்கள் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். முதல் வீட்டு அம்மா, "எதுக்கு சார் எங்களப் போயி எழுதிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். உங்களுக்காகத்தான் என்று சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.

தாளின் கடைசி வரியை இப்படி எழுதினேன்: பின் கொட்டகையில் தீப் பிடித்தால் முன் கொட்டகையைக் கைவிடவும், ஆட்களும் தண்ணீரும் வீடுகளின் பக்கம் நிற்கவும்.

எந்த அதிகாரியும் அதைத்தான் எழுதியிருப்பார். ஆனால் 'கைவிடவும்' என்ற சொல்லை எழுதியபோது எனக்கு உண்டான இனிப்பு வேறு எவருக்கும் உண்டாகியிருக்காது. மேலதிகாரி படித்துவிட்டு நன்றாக வந்திருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் வருடம் பங்குனியில், காலை பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. அதே கிடங்கு, அதே பின் கொட்டகை. அதற்குள் நான் நிலைய அலுவலர் ஆகியிருந்தேன். தலைமை ஏற்பவன் குழாயைத் தொடக்கூடாது, ஓரிடத்தில் நின்று முழுவதையும் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லுவார்கள். புளியமரத்தடியில் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து நின்றேன். கிணற்றுக்கு இரண்டு பேர். வீடுகளைக் காலி செய்ய இரண்டு பேர். மற்றவர்கள் ஓலைக் கூரைகளை நனைத்துக்கொண்டே தீயைத் தடுத்தார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதலாளி ஓடிவந்தார். வேட்டி முழங்காலில் கிடந்தது.

"முன்னாடி கொட்டாயில புதுப் பருத்தி கீதுங்க. அதுக்கு அடிங்க சார் மொதல்ல."

"பின்னாடி பதினாலு வூடு இருக்குதுங்க."

"ஓலை வூடுதான சார் அது? எரிஞ்சா நான் கட்டிக் குடுக்கறன்."

அவருக்கு என் முகம் அடையாளம் தெரியவில்லை. அதுதான் என் மனதை மேலும் இறுகச் செய்தது.

"இங்க இப்ப நான் சொல்றதுதான். நீங்க ரோட்டுக்கு அந்தாண்ட போயி நில்லுங்க," என்றேன்.

போய் நின்றார். முன் கொட்டகையின் கூரைத் தகடுகள் சிவந்து வளைவதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து இரண்டாவது வண்டி வந்து சேர்ந்தபோது வீடுகளின் பக்கம் தீ அடங்கியிருந்தது. அந்த வண்டியை முன்பக்கம் திருப்பியிருந்தால் புதுப் பருத்தியில் பாதி மிஞ்சியிருக்கும். நான் அதையும் வீடுகளின் பின்னால் நிறுத்தினேன். இருபது நிமிடம் அது ஈர ஓலை மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றது. விசாரணையில் வரைபடத்தை நீட்டினேன். தேதியும் கையெழுத்தும் இருந்தன. பதினான்கு வீடும் நின்றன, ஓர் உயிரும் போகவில்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

அந்த வாரமே முதல் வீட்டு அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். "வூடு தப்பிச்சிது சார். வேலைதான் போச்சி. கிடங்க மூடிட்டாங்க. எங்காளுங்கல்லாம் கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டு பக்கம் போய்க்கினு கீறாங்க," என்றார். குறையாகச் சொல்லவில்லை. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை களமருதூருக்குப் போனேன். நண்பன் இப்போது அங்கேதான் அவன் மனைவியின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். கட்டைக்காலை நீட்டி வரப்பில் உட்கார்ந்து களை எடுப்பவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாவது வண்டியை நிறுத்தியதையும். போதும் என்று சொல்வான், அல்லது என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். எது சொன்னாலும் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன்.

அவன் கேட்டான்: "நீ போய் நில்லுன்னதும், ரோட்டுக்கு அந்தாண்ட நடந்துதான போனான்?"

"ஆமா."

"ரெண்டு காலுலயும்?"

மடைவாயை அடைக்கச் சொல்லி அவன் ஆட்களைக் கூப்பிட்டான்.